ஈஸ்ட் ஹாமில், ஜப்பான் இறங்காத மலாயா

போன அக்டோபரில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தேன். எழுபது வயதில் கோலாலம்பூரிலிருந்து பதினான்கு மணிநேரம் பறந்து போனவன், அரண்மனையை விட்டுவிட்டு ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை மாடிக்குப் போகிறேன் என்றதும் மகள் சிரித்தாள். நான் போகக் காரணம் என் அம்மா. அவளுடைய முதல் கணவர் மருதையை, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போனான். அவர் திரும்பவில்லை. ஏழு வருடம், லாரிச் சத்தம் கேட்டாலே அம்மா எஸ்டேட் வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

டவர் ஹில்லில் மதியம் 1.20க்கு டிஸ்டிரிக்ட் லைன் பிடித்தேன். இருபத்தைந்து நிமிடம். ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடை, நகைக்கடைக்கு மேலே. நுழைவு மூன்று பவுண்டு, தேநீர் சேர்த்து. படிகள் செங்குத்து, முழங்கால் ஜாக்கிரதை.

நடந்த சரித்திரத்தை மாற்றி எழுதிப் பார்க்கிற இடம் அது. மேசை நிறைய ஆசிய வரைபடம். அதில் ஜப்பான் அவசரப்படவில்லை. பிடித்தது போதும் என்று தெற்கே கப்பல் அனுப்பாமல் இருந்துவிட்டது. மலாயாவில் ஒரு சிப்பாயும் இறங்கவில்லை, ரயில் பாதையும் இல்லை. இதை நடத்துபவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது இருக்கும். நிஜத்தில் அந்த ரயில் பாதை வேலையில் செத்தவர் பெயரைக் கொடுத்தால், நோட்டில் எழுதி வருடம் வருடமாக அவரை வாழவைப்பார்.

மருதை பெயரைப் பெருமையாகக் கொடுத்தேன். மருதையின் மனைவி என்று அம்மா பெயரையும் கேட்டுக்கொண்டார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் வேலை, மூன்று பிள்ளைகள், சொந்த வீடு என்று பென்சில் ஓடியது. பிறகு நின்றது.

“அண்ணை, நீங்கள் இவற்ற மகனோ?”

இல்லை, அம்மா மறுகல்யாணம் செய்து பிறந்தவன் என்றேன்.

“அப்ப இதில நீங்கள் பிறக்கேல்லை.”

அட, இதுகூடத் தோன்றவில்லையே எனக்கு! சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அப்போது தேநீர் வந்தது. மேசையைச் சுற்றி என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். தட்டில் ஒன்பது கோப்பை. கொண்டுவந்த பெண் தலைகளை எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று போய்விட்டாள். என் கை மட்டும் காலி. பயந்துவிட்டேன், மறைப்பானேன்.

சிவநேசன் அழிரப்பரை எடுத்தார். “அழிக்க ஏலும் அண்ணை. சொல்லுங்கோ.”

நோட்டைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அம்மா எந்த லாரிக்கும் ஓடவில்லை.

“இருக்கட்டும்” என்றேன்.

திரும்பும்போது ஸ்டேஷன் கதவு மூன்றாவது தடவைதான் என் கார்டுக்குத் திறந்தது. போக நினைப்பவர்களுக்கு: மாதத்தின் முதல் சனிக்கிழமை, இரண்டு முதல் ஐந்து வரை. பெயர் கொடுக்கும் முன், அந்த ஆள் செத்ததால் யார் யார் பிறந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.