நேற்றுக் காய்ச்சிய ஜலம்

மலையாள தேசத்து வலியசாலையில் அனந்தலக்ஷ்மியின் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்தவர்கள் கிடையாது. ஒரு கெட்டில் அடுப்பிலிருந்து இறங்கினால் அடுத்தது ஏறும். பதிமுக மரத்தின் சிராய் ஒன்றைக் கிள்ளிப் போட்டுக் காய்ச்சினால் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வரும் அல்லவா, அந்த நிறத்தைப் பார்த்தால்தான் அவளுக்குத் தொண்டையில் இறங்கும். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததும் மாமியார் சொல்லிக் கொடுத்தது. அதை அவள் விட்டதில்லை. பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லட்டுமே, சுத்தத்துக்குப் பிடிவாதம் வேண்டும்தானே.

அப்படிப்பட்டவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதுவும் எப்போது? மகள் பத்மப்ரியாவுக்கு நிச்சயமாகி, மண்டபமும் பேசி முடித்த பிறகு. கண் மஞ்சள் பூத்து, சோற்று வாசனையே குமட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவள் படுக்கையில் கிடந்தாள். ஆவணிக் கல்யாணம் தைக்குத் தள்ளிப் போயிற்று. தஞ்சாவூர் சம்பந்திகள் முகம் சுளிக்கவில்லை. அந்த ஒன்றுக்கே அவர்களைக் கும்பிட வேண்டும்.

வீடு வீடாக வந்து விசாரிக்கும் மலையாளத்து நர்ஸ் ஷெமி அவளையும் பார்க்க வந்தாள்.

"மாமி, வெள்ளம் காய்ச்சித்தானே குடிக்கறது?"

"என்ன கேள்வி கேக்கறே நீ. காய்ச்சாத ஜலத்தை இந்த ஆத்துல காக்காய்க்குக்கூட வைக்கமாட்டோம்."

"எங்கில் எனக்கு ஒரு கிளாஸ் தாங்கோ. வெயில் தாங்கலை."

தண்ணீர் என்று கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லலாமா? அனந்தலக்ஷ்மி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கெட்டிலிலிருந்து பாதி டம்ளர் ஊற்றினாள், ஆவி பறந்தது. மீதிப் பாதிக்குப் பித்தளைக் குடத்திலிருந்து சாய்த்து, வாய் பொறுக்கும் சூட்டுக்கு விளாவிக் கொடுத்தாள். டம்ளர் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. ஷெமி அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"இந்தக் குடத்துல உள்ளது?"

"கிணத்து ஜலம். கார்த்தால குளிச்சுட்டு மடியா சேந்தினது. வேஷ்டித் துணியை நாலா மடிச்சு வடிகட்டி வெச்சிருக்கேன்."

"காய்ச்சினது இல்லே, அல்லே?"

"வெந்நீரை விளாவற ஜலத்தை எதுக்குடி காய்ச்சணும்?"

ஷெமி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமி, துணியில தூசி நிக்கும், கிருமி நிக்காது. மழையில கக்கூஸ் குழி நெறஞ்சா ஊறிக் கிணத்துக்குத்தான் வரும். சூடு கொஞ்சம் இருக்குங்கறதுனால சேத்த பச்சை வெள்ளம் காய்ச்சினதா ஆகாது."

மடியாக எடுத்த ஜலம் எப்படிக் கெடும் என்று அனந்தலக்ஷ்மி சுவரோடும் சண்டை போட்டாள், கணவர் வெங்கடகிருஷ்ணனோடும் சண்டை போட்டாள். அவர் கிணற்றுக்கு மருந்து போட ஆள் கூப்பிட்டார், அடுக்களைச் சுவரில் வடிகட்டும் மெஷின் ஒன்றையும் மாட்டினார். மெஷினை அவள் தொடவில்லை. ஆனால் உடம்பு தேறி அடுக்களைக்குள் போன அன்றே கெட்டில் பக்கத்தில் இன்னொரு பாத்திரம் வைத்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். "விளாவறதை விடமாட்டேன். விளாவற ஜலமும் காய்ச்சினதா இருக்கட்டும், அவ்வளவுதானே" என்றாள். ஷெமி ஜயித்தாளா, இவள் ஜயித்தாளா, அது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

தை பிறந்தது. விருந்துச் சமையல்கட்டுகளில் கொதிக்கிற ஜலத்துக்குள் குழாயைத் திறந்துவிடுவதை எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். பந்தியில் வந்தால் அதுவும் சிவப்புதான். அவளுக்கு இருந்தது ஒரே கவலை. தன் பெண் கல்யாணத்தில் கை நனைத்துவிட்டுப் போகிறவர் ஒருவர்கூடத் தன்னைப்போலப் படுக்கக்கூடாது.

முதல் நாளே அண்டா அண்டாவாகத் தண்ணீரைக் காய்ச்சி மூடிவைக்கச் சொன்னதும் சமையல் பிச்சுமணிக்குச் சுருக்கென்றது.

"இன்னிக்குக் காய்ச்சி நாளைக்குச் சம்பந்திக்குக் குடுக்கறதா? பழைய ஜலம்னு பேர் வந்துடும் மாமி."

"இன்னிக்கு அரைச்ச மாவுலதானே நாளைக்கு இட்லி வார்க்கப் போறேள்? அதுக்கு யாராவது பேர் வெச்சாளா?"

பிச்சுமணி தலையைச் சொறிந்துகொண்டே அடுப்பு மூட்டினார்.

மறுநாள் நல்ல வெயில், நினைத்ததைவிடக் கூட்டம். அண்டாக்களில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பரிமாறுகிறவர்களின் கண் கொல்லைப்புறக் குழாயின் மேல். அதன் முன்னால் மடிசாரும் கையுமாக அனந்தலக்ஷ்மி நின்றாள். "குறைஞ்சா அடுப்புல ஏத்துங்கோ. இங்கே வராதீங்கோ."

வெங்கடகிருஷ்ணன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "அனந்தா, கன்யாதானத்துக்கு உக்காந்தாச்சு. என் கையில ஜலம் விட நீ வரணும். சாஸ்திரிகள் கத்தறார்."

"நான் நகர்ந்தா இவா குழாயைத் திறந்துடுவா."

"முகூர்த்தம் போயிடும்டி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே பெண், இங்கே பெண்ணை வாழ்த்த வந்தவர்களின் உயிர். எதை விடுவது? அப்போதுதான் அழைப்பின்பேரில் கல்யாணத்துக்கு வந்த ஷெமி, பட்டுப்புடவை சரசரக்க, மாமியைத் தேடிக் கொல்லைப்புறம் வந்தாள். குழாயைப் பார்த்தாள், மாமியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமி போயிட்டு வாங்கோ. ஞான் இவிட உண்டு."

அனந்தலக்ஷ்மி போய்க் கணவரின் கையில் ஜலம் விட்டாள்.

தாலி ஏறி, முதல் பந்தியும் முடிந்து அவள் திரும்பி வந்தபோது நாற்காலி அங்கேயே இருந்தது, ஷெமியும் அங்கேயே இருந்தாள். குழாயின் கைப்பிடியைக் காணோம்.

"திறக்கட்டுமான்னு கேட்டுண்டே இருந்தாங்க. கழட்டிப் பையில போட்டேன்" என்றாள் ஷெமி.

"போலீஸையே வரவழைச்சுட்டேள் மாமி" என்றார் பிச்சுமணி.

அனந்தலக்ஷ்மி ஷெமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்காரவைத்து, இலை போட்டு, பாயசம் வரைக்கும் தானே பரிமாறினாள்.

அந்த நோய் தலைகாட்ட ஒன்றரை மாதம்கூட ஆகலாம் என்று ஷெமி முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே மாசி முடிகிற வரைக்கும் அனந்தலக்ஷ்மி போனும் கையுமாகவே இருந்தாள். சம்பந்தி மாமிக்குக் குழப்பம். "பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கமாட்டேங்கறேள். எல்லாருக்கும் பசிக்கறதான்னே கேக்கறேள்."

எல்லாருக்கும் பசித்தது. ஒருவரும் படுக்கவில்லை. பங்குனி பிறந்த அன்று சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு அவள் ஷெமியைக் கூப்பிட்டாள்.

"நன்னி சொல்றதுக்கெல்லாம் எனக்குத் தெரியாதுடி. நாளைக்கு ஆத்துக்குச் சாப்பிட வா. விளாவின ஜலம்தான் குடுப்பேன்."

"தாங்கோ மாமி" என்றாள் ஷெமி. "குடிக்கறேன்."