பிணைக் கையெழுத்து

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையிலுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு, பிரசவமும் கைக்குழந்தைகளும் பார்க்கும் மருத்துவ மாது நான்தான். அங்கு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில், நிரந்தர அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் என்று பலருக்கும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அதனால்தான் லயத்துத் தாய் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

அவளுடைய மூத்த மகள் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்திருந்தாள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. இந்த முறை விதிகளை மாற்றி இன்னும் பலருக்குக் கொடுக்கப்போவதாகச் செய்தியில் சொன்னார்கள். அவளுக்கும் கொழும்பில் ஒரு கணினிப் பட்டப்படிப்பு கிடைத்தது. ஆனால் தகப்பனோடு நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவரும் பிணை நிற்க வேண்டும் என்று மாத்தளை வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

"ஒங்களத் தவிர யாரையும் தெரியாதுங்க மிஸ். ஒரு கையெழுத்துதான்."

"போடுறேன். வெள்ளிக்கிழம காலையில பேங்குக்கு வந்திருங்க" என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தங்கச்சியோடு பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள்.

முன்பு என் தம்பிக்குப் பிணை நின்றிருந்தேன். அவன் கட்டாருக்குப் போய்க் கடனைக் கட்டாமல் விட்டான். என் சம்பளத்தில்தான் இன்னும் பிடிக்கிறார்கள். விஷயத்தை வீட்டில் சொன்னதும் கணவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு தடவ பட்டது போதாதா?"

வெள்ளிக்கிழமை மாத்தளை பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. கிளினிக்கைத் திறந்து, யாரும் வராத அந்தக் காலையில் பதிவேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. பத்தரைக்கு மறுபடி. பிறகு விடாமல் அடித்தது. சத்தத்தை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டேன். கையெழுத்துப் போட அன்றுதான் கடைசி நாள். அது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கைக்குழந்தை ஒன்றை நிறுக்க அதே லயத்துக்குப் போகவேண்டியிருந்தது. "வாங்க மிஸ்" என்று அந்தத் தாய் கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தாள். காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

"பரவாயில்லங்க மிஸ்."

ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "அடுத்த வருசம் திரும்பப் போடலாமே" என்றேன்.

"இனி வேணாமாம் மிஸ். ஃபோமையெல்லாம் அடுப்புல போட்டுட்டா."

இரண்டு வருடம் கழித்து மாத்தளையில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தபோது, சீத்தைத் துணியை அளந்துகொண்டிருந்தவள் அந்த மகள்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டேன்:

"தங்கச்சி ஏ.எல். செய்யிறாளா?"

"இல்லங்க மிஸ். ஓ.எல். ஓட நிப்பாட்டிட்டோம். படிச்சு என்ன செய்யிறது? இங்கயே வேலைக்குச் சேர்த்துட்டேன்."

கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னாள். தங்கச்சி பின்னால் ஏணியில் நின்று துணிக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இறங்கி வந்து, இருக்க ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.