‘ரத்தம்னே போடு’ என்ற ரஹ்மத் அக்கா

ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களைப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது ரஹ்மத் அக்காவின் மகன் ஜாபரின் அழைப்பு வந்தது. "சின்னம்மா, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலைல எட்டு மணிக்கு. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றான். "வாரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பக்கத்தைத் திருத்தி முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டு வந்தால் அக்கா திட்டுவார் என்று தோன்றியிருக்கலாம்.

திண்டுக்கல்லில் எங்களுடையது சின்ன அச்சகம். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகள் அடிக்க வாரம் ஒருவராவது வருவார்கள். புற்றுநோயில் இறந்தவர் என்றால் ‘நோயுடன் போராடித் தோற்றார்’ என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வருவார்கள். ரஹ்மத் அக்காவைப் பற்றி அப்படி ஒரு வரி எங்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மதுரை மருத்துவமனையின் கீமோ பிரிவில் எங்களோடு வரிசையாக உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்ட உங்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய நோய் மருந்துக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான். அவர் யாரிடமும் எதிலும் தோற்கவில்லை.

நான் முதன்முதலாகப் பார்த்தபோதே அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அன்றுதான் முதல் கீமோ. இருவருக்கும் ஒரே நோய்: கருப்பையின் உள்சுவரில் தொடங்கி, அறுவை சிகிச்சையில் எடுப்பதற்குள் வெளியேயும் பரவிவிட்ட புற்று. செவிலியர் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அக்கா பேனாவைக் கையில் வாங்கவே இல்லை.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"எல்லாருக்கும் உள்ளதுதாம்மா. போட்டுருங்க."

"இருவது வருசமா ஆட்டு யாவாரம் பண்றேன். தொட்டுப் பாக்காம ஒரு குட்டி வாங்குனதில்ல. என் ஒடம்புக்குள்ள என்ன போகுதுன்னு தெரியாம கையெழுத்துப் போடுவேனா? டாக்டரம்மாவ வரச் சொல்லு."

டாக்டர் வந்தார். களைத்துப்போன முகம். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஒரு முறை; மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு முறை. பக்கத்தில் நின்ற அக்காவின் தம்பி குறுக்கிட்டார். "மூணாவே போடுங்க டாக்டர். எது பலமோ அதப் போடுங்க."

"நீ செத்த நேரம் சும்மா இருடா" என்றார் அக்கா. பிறகு டாக்டரிடம், "ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துருக்காகளா?" என்று கேட்டார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் நோயாளிகள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். "பாத்திருக்காங்கம்மா. நிறையப் பொம்பளைங்கள, குலுக்கிப் போடுற மாதிரி ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு இது, இன்னொண்ணுக்கு அதுன்னு கொடுத்து, வருசக்கணக்காக் கவனிச்சிருக்காங்க. ஆயுசு கிட்டத்தட்ட ஒண்ணுதான். மூணு மருந்துல வாந்தி, வயித்துப்போக்கு, கைகால் மரத்துப்போறது எல்லாம் கூடுதல்."

"அப்ப மூணு எதுக்கு? ரெண்டே போடுங்க. இப்பச் சொன்னதத் தமிழ்ல நாலு வரி எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை வாய்விட்டு வாசித்தார். அடுத்த நாற்காலியில் இருந்த நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கும் அதே இரண்டு மருந்துகள்தான் என்பதே அவர் வாசித்தபோதுதான் தெரிந்தது. பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின். பெயர்களை அவர் தப்பாகச் சொன்னார்; பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டார்.

அன்றைக்கே எங்கள் பாதைகள் பிரிந்தன. எனக்கு மருந்து ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடம் மார்பை யாரோ இறுக்கிப் பிடித்தது போல இருந்தது. முகம் தீயாக எரிந்தது. குரல் எழவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஏ நர்சம்மா! இந்தப் புள்ளைக்கு மூச்சு ஏறல! மருந்த நிறுத்து!" என்று அவர் போட்ட சத்தத்தில் அந்தக் கூடமே எழுந்து நின்றது. செவிலியர் ஓடிவந்து மருந்தை நிறுத்தி ஊசி போட்டார். அந்த மருந்து என் உடம்புக்கு ஒவ்வாது என்று முடிவாயிற்று. இதயத்தைப் பரிசோதித்துவிட்டு எனக்கு வேறு இரண்டு மருந்துகளைத் தொடங்கினார்கள். பாட்டிலில் ரத்தச் சிவப்பாக இருக்கும் டாக்ஸோரூபிசினும், குளுக்கோஸ் பாட்டில்களோடு நாள் முழுக்க ஏறும் சிஸ்பிளாட்டினும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒன்றாகவே மதுரைக்கு ரயிலேறினோம். திரும்பும்போது கொடைரோடு நிலையம் வருவதற்குள் நான் இரண்டு முறையாவது வாந்தி எடுத்துவிடுவேன். அக்கா என் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். பிடித்திருக்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் விரல்களுக்குத் தெரியாது. அவை மரத்துப்போயிருந்தன. "ஒனக்கு வயிறு, எனக்கு வெரலு. பங்கு பிரிச்சுக்கிட்டோம்" என்பார்.

அந்த விரல்கள்தான் அவர் பிழைப்பு. கணவர் இறந்த பிறகு, "பொம்பள சந்தைக்குப் போறதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது பதில் சொல்லாமல் அய்யலூர் சந்தைக்குப் போகத் தொடங்கியவர். ஆட்டின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தே எத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுவார். நாலாவது கீமோ முடிந்த மூன்றாவது வாரம், ரத்த அணுக்கள் தேறிவிட்டன என்று டாக்டர் சொன்னதும் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். விரல் மரத்துப்போன செய்தி அங்கே எட்டியிருந்தது. ஒரு வியாபாரி, நெடுநாள் பழக்கக்காரர், நல்ல கிடாய்களுக்கு நடுவில் நோஞ்சான் ஒன்றை நிறுத்தியிருந்தார். அக்கா முதுகை அழுத்திப் பார்த்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் பயந்துவிட்டேன். அவர் கையை எடுத்துவிட்டு, "எல்லாத்தையும் செத்த நடக்க விடு, அப்பு" என்றார். நாலடி நடப்பதற்குள், "அந்தக் கருப்பு எனக்கு வேணாம். நீயே வச்சு வளத்துக்க" என்று ஒதுக்கினார். வியாபாரி தலையைச் சொறிந்தார்.

"கைதான்யா மரத்துப்போச்சு. கண்ணு மரத்துப்போகல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஆறு சுற்றும் முடிந்து ஸ்கேன் இருவருக்கும் நன்றாக வந்த மாதத்தில் ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தார். ஒரு துண்டறிக்கை அடிக்க வேண்டும் என்றார். நோய் தெரிவதற்கு முன்பு, மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழித்து அவருக்கு ரத்தம் பட்டிருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் துணியைத் தனியாகத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அந்த எட்டு மாதத்தை அவர் தனக்கே மன்னிக்கவில்லை. நான் கணினியில் ‘மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் அசாதாரண உதிரப்போக்கு’ என்று அடித்தேன். அவர் குனிந்து வாசித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இது யாருக்குப் புரியும்? ரத்தம்னே போடு. ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டர்ட்ட போன்னு போடு. எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தவ சொல்றேன்னு என் பேரையும் போடு."

"பேரு வேணாமே, அக்கா."

"பேரில்லாம சொன்னா அது வெறும் காயிதம்."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் என்னையும் கூட்டிப்போன முதல் இடம் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். பெண்கள் பகுதியில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். வயதான உறவுக்காரர் ஒருவர், "கல்யாண வீட்ல இதையா பேசுவாக? வெக்கமா இல்ல?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் தலையில் அப்போதுதான் முடி அரும்பத் தொடங்கியிருந்தது. முக்காட்டைச் சரிய விட்டார். "இருந்துச்சு மாமி. எட்டு மாசம் இருந்துச்சு. அது என்னைய எங்க கொண்டுவந்து விட்டுருக்குன்னு பாருங்க" என்றார். அந்த மாமி கை கழுவிவிட்டு வந்து தாளை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சில மாதங்களில் சின்னாளபட்டியிலிருந்து தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருவர் அக்காவைத் தேடிவந்தார். தாள் எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. அவருக்கும் ரத்தம் பட்டிருந்தது, உடனே காட்டியிருக்கிறார். புற்று கருப்பையைத் தாண்டவில்லை. அறுவை சிகிச்சையோடு முடிந்துவிட்டது, கீமோகூட வேண்டியிருக்கவில்லை. அவர் அழுதுகொண்டே அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா, "அழாம நாலு பேருட்ட சொல்லு" என்று அனுப்பிவைத்தார். அவர் போன பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோஷமா, தன் எட்டு மாதத்தை நினைத்த வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஸ்கேனில் என் படம் சுத்தமாக இருந்தது. அவருடைய நுரையீரலில் புள்ளிகள் இருந்தன. இரண்டு உறைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்குக் குடுத்ததையே ஒங்களுக்கும் குடுத்திருந்தா…" என்று தொடங்கினேன். அவருக்கு வந்த கோபத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

"வாயை மூடு. ஒன் மருந்து ஜெயிச்சுது, என் மருந்து தோத்துச்சுன்னு எவளும் சொல்லக் கூடாது. அம்புட்டுப் பொம்பளைகள வச்சுப் பாத்துச் சொன்னத, நம்ம ரெண்டு பேர வச்சு மாத்திருவியா? நான் கேட்டு, புரிஞ்சு, நானா எடுத்த முடிவு. அத என்ட்ட இருந்து புடுங்காத."

பிறகு அவருக்கும் அந்தச் சிவப்பு மருந்தைக் கொடுத்தார்கள். சில மாதம் புள்ளிகள் அப்படியே இருந்தன, அப்புறம் பெருகின. அந்த முடிவு வந்த அன்று எனக்குப் போன் செய்து, "பாத்தியா செல்வி, ஒன் மருந்துக்கும் கேக்கல. இனியாச்சும் ஒழுங்காத் தூங்கு" என்றார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். அன்றைக்கு அவர் சொன்ன வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

இன்னொரு மருந்தைத் தொடங்கலாம் என்றபோது அவர் டாக்டரிடம் கேட்டது: "இது எத்தனை நாளக் கூட்டும்? அதுல எத்தனை நாளு நான் எந்திரிச்சு நடப்பேன்?" டாக்டர் மறைக்காமல், உறுதியாகச் சொல்ல முடியாது, நிறைய எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வலிக்கு மட்டும் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். தம்பி அழுதார். "மனசை விட்டுட்டியேக்கா."

"விட்டுட்டேன்னு யாரு சொன்னா? நிறுத்திட்டேன். விடுறது வேற, நிறுத்துறது வேற."

அதற்குப் பிறகும் இரண்டு முறை சந்தைக்குப் போனார். வேனை விட்டு இறங்க முடியாமல் சன்னல் வழியாகவே ஆடுகளை நடக்க விட்டுப் பார்த்தார். ஜாபர் வாங்கினான். அவர் குறை சொன்னார். கடைசி வாரத்தில் பேசவே மூச்சு போதவில்லை. வந்தவர்களிடம் கண்ணாலேயே அதட்டினார்.

அடக்கம் செய்த அன்று பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். சமாதானமான முகம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்னும் ஏதோ கேட்க வேண்டியவர் போலத்தான் இருந்தார்.

என்னிடம் அவருடையதாக இருப்பது ஒன்றுதான், போனில் ஒரு குரல் பதிவு. விரல் மரத்ததால் செய்தி எழுத மாட்டார், குரலாகவே அனுப்புவார். இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் அனுப்பியது அரை நிமிடம்கூட இல்லை. இடையிடையே மூச்சு வாங்குகிறது. "செல்வி, ஒனக்கு இந்த மாசம் ஸ்கேனு. என்னையப் பாத்துட்டுப் பயந்துக்கிட்டுத் தள்ளிப் போட்டுட்டு உக்காந்திருப்ப, தெரியும். நான் செத்தது ஒன் ரிப்போர்ட் இல்ல. போயிட்டு வா." தான் செத்ததைத் தானே சொல்லி அனுப்பிய பெண்மணி!

அவர் சொன்னது சரி. தள்ளித்தான் போட்டிருந்தேன். அவர் போன பிறகு இரண்டு முறை தேதி மாற்றினேன். நேற்று அந்தக் குரலை மறுபடி கேட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. என்ன வந்தாலும் எனக்குக் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கின்றன. எழுதிவைத்திருக்கிறேன், அக்கா.