இரண்டு அழகம்மாவும் ஒரு பிறந்தநாளும்

மன்னாரின் கீரிக் கிராமத்தில் பிறந்த சந்தியோகுவுக்கு வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றும். மீன்பிடிக் குடும்பத்தில் அது ஏறக்குறைய அங்கவீனம். வேறு வழியில்லாமல் படிப்பித்தார்கள். படித்து முடித்தவன் மன்னார் நகரத்தில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். "மகன் அங்க என்ன செய்யிறார்?" என்று கோயில் வாசலில் கேட்பவர்களுக்குத் தாய் மார்த்தா, "பேர் எழுதுறான்" என்பாள். சரியான பதில்தான். 2007இல் சண்டைக்குப் பயந்து ஓடி வந்த சனங்களில் யார் எந்த முகாமில், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைத் தரவுத்தளத்தில் பதிவதுதான் அவனுடைய வேலை.

அந்தத் தரவுத்தள மென்பொருளுக்கு முதலாளி கிடையாது. உலகத்தின் மூலை முடுக்கில் இருக்கும் கெட்டிக்காரர்கள் கூடி எழுதியது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம். இன்னும் எப்படித் திருத்துவது என்று அவர்கள் மின்னஞ்சலில் ஓயாமல் வாதாடுவார்கள். சந்தியோகுவும் அந்தக் குழுவில் இருந்தான். மன்னாரை விட்டு வெளியே போக இராணுவத்தின் பாஸ் வேண்டியிருந்த காலம். இந்தக் குழுவுக்குள் பாஸ் இல்லாமல் போகலாம், நோர்வேக்காரனோடு சரிக்குச் சரி சண்டையும் பிடிக்கலாம்.

சண்டை பிடித்தான். ஒரே ஆள் இரண்டு முகாமில் பதிந்தால் பட்டியலில் இரண்டு வரி வந்துவிடும். பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி நான்கும் ஒத்துப்போனால் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதைத் தானாகவே வீசும் ஒரு கட்டளையை அவன் எழுதி, இதை மென்பொருளிலேயே சேருங்கள் என்று அனுப்பினான். நோர்வேக்காரர் ஒருவர் கேட்டார்: "இரண்டு வரி ஒன்றுபோல இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்?"

சந்தியோகு பதில் போட்டான்: "எங்கள் கந்தோரில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இருநூற்றுப் பதினான்கு போலி வரிகள் போயின. இன்றுவரை ஒரு முறைப்பாடும் இல்லை."

முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் முகாமில் இருந்து இரண்டு சோதனைச்சாவடி தாண்டி வர வேண்டும். அதை அவன் எழுதவில்லை. ஆறு பேர் அவன் பக்கம் சேர்ந்தார்கள், நோர்வேக்காரர் அமைதியானார். அடுத்த வெளியீட்டில் கட்டளை சேரும், குறிப்பில் உன் பெயரும் வரும் என்று குழுவின் பொறுப்பாளர் எழுதினார். "சந்தியோகு, மன்னார்" என்று தட்டிப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, அழகம்மா வந்தாள். மலையகத்தில் இருந்து வந்து பெரியமடுவில் குடியேறி, அங்கிருந்தும் ஓடி வந்தவள்.

"தம்பி, மூணு தடவ சாமான் குடுத்தாங்க. மூணு தடவையும் எம் பேரு இல்லைன்னுட்டாங்க. நான் செத்துட்டேனா, இருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க. செத்திருந்தா அடக்கச் செலவையாச்சும் வாங்கிட்டுப் போறேன்."

சந்தியோகு தேடினான். அழகம்மா, தகப்பன் மாரிமுத்து, பெரியமடு, 01.01.1960.

"இருக்கிறியள் அம்மா. உங்கட நிவாரண அட்டை நம்பர்தான் வேற."

"அது சின்னவ."

மாரிமுத்துவுக்கு இரண்டு தாரம். மாமியார் பெயரைத் தன் மகளுக்குத்தான் வைப்பேன் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்க, மனுஷன் இரண்டு பிள்ளைகளுக்கும் அழகம்மா என்றே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஊரில் பெரிய அழகம்மா, சின்ன அழகம்மா என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

"சரி, ரெண்டு பேரும் ஒரே நாளிலயா பிறந்தனீங்கள்?"

"நமக்கு ஏது பிறந்தநாள்? நீங்கதான குடுத்தீங்க. கட்டம் போட்ட சட்டையோட ஒக்காந்துக்கிட்டு, 'தெரியாட்டி சனவரி ஒண்டு எண்டு போடுறன்'னு சொன்னீங்களே."

கட்டம் போட்ட சட்டை அன்றைக்கும் அவன் உடம்பில் இருந்தது. பிறந்த தேதிக்கான இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று விதி வைத்தவன் அவன்தான். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரே தேதியைக் கொடுத்ததும் அவன்தான். பிறகு ஒரே தேதியில் பிறந்த குற்றத்துக்காக பெரிய அழகம்மாவின் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைப் பட்டியலில் இருந்து துடைத்ததும் அவன்தான்.

"இவ்வளவு நாளும் என்னத்தச் சாப்பிட்டனீங்கள்?"

"சின்னவ குடுத்தா. பன்னண்டு வருசமாப் பேச்சுவார்த்த இல்ல. இருந்தாலும் குடுத்தா. ஒவ்வொரு சுண்டு அரிசிக்கும் எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்த சொல்லிச் சொல்லிக் குடுத்தா."

கந்தோர்ப் பொறுப்பாளர் சிவசுப்பிரமணியம் கதையைக் கேட்டுவிட்டு, "கொம்பியூட்டர் பிழை எண்டு எழுதிப்போடும். ஆர் ஐசே கேக்கப்போகினம்?" என்றார்.

ஒருவரும் கேட்கப்போவதில்லை என்பதுதான் சந்தியோகுவைக் குடைந்தது. பழைய பிரதியை எடுத்து, வீசிய வரிகள் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தான். பிறகு இருநூற்றுப் பதினான்கையும் அச்செடுத்துக்கொண்டு மூன்று நாள் முகாம் முகாமாகத் திரிந்தான். முப்பத்து மூன்று வரிகள் உயிரோடு எழுந்து நின்று "ஓம், நான்தான்" என்றன. செல்லையா என்பவரின் கூடாரம் மட்டும் காலியாகக் கிடந்தது. "சாமான் இல்லாம எத்தின நாளைக்கு இருக்கிறது? புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார் பக்கத்துக் கூடாரக்காரர். எங்கே என்று அவருக்கும் தெரியாது.

குழுவுக்கு எழுத இன்னும் நான்கு நாள் பிடித்தது. கட்டளை சரி, தரவுதான் பிழை என்று ஒரு வாதம் அவனிடம் இருந்தது. நல்ல வாதம், வெல்லவும் கூடும். அதை எழுதத் தொடங்கும்போதெல்லாம் செல்லையாவின் கூடாரத்துச் சீலை காற்றில் அடிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் சுருக்கமாக எழுதினான்: "முப்பத்து நான்கு வரிகள் மனிதர்கள். ஒரே பெயர் கொண்ட இரண்டு சகோதரிகளில் ஒருத்தியும் அதில் இருக்கிறாள். முறைப்பாடு வராத காரணம், அவர்களால் இங்கே வர முடியாததுதான். கட்டளையைத் திரும்பப் பெறுகிறேன்."

எல்லோரும் அவனுடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். ஏசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நோர்வேக்காரர் மட்டும் புகழவில்லை. ஒரே பெயர், ஒரே தகப்பன், ஒரே தேதி கொண்ட அந்தச் சகோதரிகளின் இரண்டு வரிகளையும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் மென்பொருளுக்கு வைக்கும் சோதனைகளில் சேர்க்கலாமா, இரண்டும் தப்பினால்தான் மென்பொருள் தேறும் என்று வைப்போம் என்றார்.

அடுத்த முறை சாமான் கொடுக்கும்போது சந்தியோகுவும் முகாமுக்குப் போய் நின்றான். பெரிய அழகம்மா அரிசியை வாங்கிய கையோடு, தங்கச்சிக்குத் திருப்பிக் கொடுக்கச் சுண்டால் அளந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, உங்கட ரெண்டு பேற்ற பேரையும் வெளிநாட்டுக் கொம்பியூட்டருகளிலயும் போடப்போகினம்."

"அட்டையில இருக்கா?"

"இருக்கு. இனிக் குழப்பம் வராது. உங்களுக்குச் சனவரி ரெண்டு எண்டு மாத்திப்போட்டன்."

பக்கத்தில் நின்ற சின்ன அழகம்மா சாக்கைக் கீழே வைத்தாள். "அப்ப இனி நாந்தான் மூத்தவ. ஏய், அக்கான்னு கூப்புடு பாப்போம்."

பெரியவள் அவளைப் பார்க்கவில்லை. சந்தியோகுவைப் பார்த்தாள். "இத யாரு தம்பி ஒங்களக் கேட்டா?"

கந்தோருக்குத் திரும்பியதும் அவன் சாப்பிடக்கூடப் போகவில்லை. பிறந்த தேதிக்கான இடம் வெறுமையாகவும் இருக்கலாம் என்று விதியை மாற்றினான். ஒரு வரிக் கட்டளை. ஏழு விநாடியில் முடிந்தது. தான் கொடுத்த சனவரிகளை ஒவ்வொன்றாக அழிக்கத்தான் பின்னேரம் வரை ஆனது. செல்லையாவின் வரியும் வந்தது. தேதியை அழித்தான். வரியை விட்டுவைத்தான்.