முனுசாமி அண்ணன் போட்ட தையல்

போன மாதம் எங்கள் தையல் குழுவில் ஒரு கை வந்து விழுந்தது.

கை என்றால் போட்டோ. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மஞ்சள் மருந்து பூசி, நடுவில் கறுப்பு நூலில் வரிசையாகத் தையல். கீழே ஒரு வரி: 'வலது கை. மில்லுல தகடு கிழிச்சது. பதினோரு தையல்.'

அதற்கு நேர் மேலே ரேவதி போட்டிருந்த தலையணை உறை. ரோஜாப்பூ.

நீ எப்படியப்பா தையல் குழுவில் என்று கேட்பீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இருந்தது ஒரே பேண்ட். கிழிந்தால் தைத்தாக வேண்டும். அரிசி குடோனில் கோணி தைத்தும் சாப்பிட்டிருக்கிறேன். இப்போதைக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் புதுவாயலில் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்ச் ஹாலில் கம்பெனிப் பெண்கள் கூடித் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊசியோடு போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் விரட்டவில்லை.

தைத்ததை ஹாலில் கட்டிய கயிற்றில் மாட்டுவோம், வாட்ஸ்அப்பிலும் போடுவோம். பூ, கிளி, மயில்... மயில்தான் அதிகம். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

குழுவை நடத்துவது ஸ்டெல்லா. பேக்கிங் வேலை பார்க்கிறவர். புது ஆட்கள் வேண்டுமென்று அவர்தான் தெருத் தெருவாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். 'தையல் போட்டவங்க யாரா இருந்தாலும் சேரலாம். போட்டோ அனுப்புங்க.'

இரும்பு மில்கள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதலாமா? இங்கே தையல் போட்டவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் அல்லவா போட்டிருக்கிறார்கள்? என் முட்டியிலேயே நாலு இருக்கிறது.

ரோலிங் மில் முனுசாமி அண்ணன் லீவில் வீட்டில் கிடந்தார். மெசேஜைப் படித்தார். தனக்குப் பொருந்துகிறது என்று நினைத்தார் — பொருந்தத்தான் செய்தது. சேர்ந்துவிட்டார்.

முதலில் ரேவதியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"இன்னா ஸ்டிச் இது? சங்கிலியும் இல்ல, காஜாவும் இல்ல."

"வெட்டுக்காயம்மா."

"அது தெரியுது. எடவெளி ஒரே மாதிரி இல்லியே. யாரு போட்டது?"

"நர்ஸம்மா. நடுவுல கரண்டு பூட்ச்சு."

யாரோ ஒருத்தி, 'வலிக்குதாண்ணா?' என்று கேட்டுவைத்தாள். அவ்வளவுதான். காலையில் குட்மார்னிங்கோடு ஒரு கை. மதியம் ஒரு கை. சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று இன்னொரு கை.

"பேஜாரா கீதுக்கா. நாஷ்டா எறங்க மாட்டேங்குது," என்று இரண்டு பேர் குழுவை விட்டே போகக் கிளம்பினார்கள். ஸ்டெல்லா அண்ணனை ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொன்னார்.

வந்தார். லுங்கி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கை.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. இது துணி தைக்கிற குரூப்பு. உங்கள எடுத்துரலாம்னு இருக்கோம்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடுத்துராதம்மா. மில்லுலேருந்து போன் வந்தா, எப்ப வேலைக்கு வர்றேன்னுதான் கேக்குறான். ஊட்ல அவ, பொண்ணு பிரசவத்துக்குன்னு செவ்வாப்பேட்ட போய்க்கீறா. நானும் ஃபேனும்தான் கீறோம். வலிக்குதான்னு இங்கதான் கேட்டீங்க."

ரேவதி ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி நைனா, புதங்கெழம ஆஸ்பத்திரில தையல் பிரிச்சுருவாங்களே. அப்பால எதக் காட்டுவே?"

அண்ணன் முகத்தில் கலவரம் வந்தது. அதை அவர் யோசிக்கவே இல்லை.

கடைசியில் ஸ்டெல்லா ஒரு வழி சொன்னார். "உங்க கையால ஒரு தையல் போடுங்க. எதுவா இருந்தாலும் சரி. அடுத்த ஞாயித்துக்கெழம இந்தக் கயித்துல மாட்டணும், ஒரு வாரம் இங்கயே தொங்கணும். எல்லாருக்கும் அதான் ரூல்ஸ். மாட்டினா மெம்பரு. இல்லேன்னா இல்ல."

"சோத்துக் கை ஆவாதேம்மா."

"இன்னொண்ணு எதுக்குக் கீது?" என்றாள் ரேவதி.

நான் ஒரு கர்ச்சீப்பும், சிவப்பு நூல் கோத்த ஊசியும் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வாரம் குழுவில் கை வரவில்லை. நாஷ்டா இறங்காதவர்களே, 'அண்ணன் கை எப்டி கீது?' என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்த பிறகு வந்தார். வாசலிலேயே நின்றார். லுங்கியின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கொண்டாந்தீங்களாண்ணா?"

"கொண்டாந்துக்கீறேன்."

"குடுங்க."

"குடுக்க முடியாதும்மா."

பிடியை விட்டார். லுங்கியில், தொடைக்கு நேராகக் கர்ச்சீப் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பாக ஒரு பறவை. மயில் என்றார். எனக்கு மழையில் நனைந்த கோழி மாதிரி தெரிந்தது.

"வாரம் பூரா வெரல்ல குத்திக்கினுதான் இருந்தேன். இன்னிக்குக் காலைல மடியில வச்சு ஒரே மூச்சா முடிச்சேன். எந்திரிச்சப்பதான் தெரிஞ்சுது, லுங்கியோட தெச்சுக்கீறேன்னு."

ரேவதி கத்தரிக்கோலை எடுத்தாள். "நில்லு நைனா, பிரிச்சுரலாம்."

"அய்ய, தொடாதம்மா." அண்ணன் இரண்டடி பின்னால் போனார். "போட்டுக்கினு இருந்த ஒண்ணயும் புதங்கெழம பிரிச்சுட்டாங்க. இதயுமா?"

ஸ்டெல்லா குனிந்து, கர்ச்சீப்பின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கோணி தைத்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தத் தையல் ஒரு மூட்டை அரிசியைத் தாங்கும்.

"துணி மேல துணி வச்சுத் தெச்சா அதுக்குப் பேரு அப்ளிக்," என்றார் ஸ்டெல்லா. "இதுல தப்பு ஒண்ணுமில்ல."

"அப்ப நான் மெம்பரா?"

"கயித்துல மாட்டினாத்தான்."

அண்ணன் கயிற்றைப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார்.

"எல்லாம் கொஞ்சம் செவுத்துப் பக்கம் திரும்புங்க."

திரும்பினோம். மறுபடி பார்த்தபோது, ரேவதியின் தலையணை உறைக்கும் ஸ்டெல்லாவின் மேஜை விரிப்புக்கும் நடுவே நீலக் கட்டம் போட்ட லுங்கி கம்பீரமாகத் தொங்கியது. பக்கத்தில் முனுசாமி அண்ணன் — காக்கி அரை டவுசரில், முழு உறுப்பினராக.

நாலு பேர் மத்தியில் ஒரு இடம் வேண்டுமென்றால் எதையாவது கழற்றத்தான் வேண்டியிருக்கிறது. உள்ளே டவுசர் போட்டிருப்பது நல்லது.