முட்டையோடு வந்த சூப் சட்டி

பெப்ரவரி ஒன்பதாந் திகதி, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. நான் பத்தாம் ஆண்டு வகுப்பில் படிப்பித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மதுஷா போனில் அழவில்லை. "அன்ரி, பீற்றிஸ் அன்ரி மெசினிலயே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தம். முடிஞ்சிது எண்டு சொல்றாங்க" என்றாள்.

பீற்றிஸ் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். வயது அறுபத்தாறு. கலியாணம் செய்யவில்லை. வாவிக்கரையில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, முன்னறையில் தையல் மெசின் போட்டு நாற்பது வருடம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தார். அவர் தைத்த வெள்ளைச் சட்டையோடு படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் அவரே தைத்தார்.

இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். எங்கே ஏலம் கூறினாலும் பீற்றிஸ் அங்கே நிற்பார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கழித்த சாமான்கள், வெளிநாடு போகிறவர்களின் வீட்டுப் பொருட்கள், கோயில் திருநாள் ஏலம், எதையும் விடமாட்டார். கதிரை மேசைகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பழைய பீங்கானும் சின்னஞ்சிறு இரும்பு வாகனங்களும்தான் அவருக்கு வேண்டும். கதவு திறக்கும் சிவப்புத் தபால் வான், கட்டைவிரல் அளவு டிரக்டர், இரண்டு தட்டு பஸ் ஒன்று. பஸ்ஸுக்கு ஒரு சில்லு இல்லை. அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பூட்டியிருந்தார். அளவு கொடுக்க வரும் பிள்ளைகள் கண்ணாடி அலுமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். "அசையாம நிண்டா பஸ்ஸ ஓட விடுவன்" என்று சொல்லித்தான் அவர் அளவெடுப்பார்.

அலுமாரியின் நடுத்தட்டில் ஒரு மூடி மட்டும் தனியாக இருந்தது. சூப் பரிமாறும் பெரிய பீங்கான் சட்டியின் மூடி. ஓரமெல்லாம் பச்சை இலைக் கொடி, பிடி ஒரு பூசணிப் பிஞ்சு போல. பழைய பங்களா ஒன்றின் ஏலத்தில், சட்டியில்லாத மூடியை யார் எடுப்பார்கள் என்று எல்லோரும் சிரித்தபோது மச்சாள் கையைத் தூக்கியிருக்கிறார். பத்தொன்பது வருடமாக எந்த ஏலத்துக்குப் போனாலும் அதன் சட்டியைத்தான் முதலில் தேடினார்.

"அது எப்பவோ உடைஞ்சு போயிருக்கும் மச்சாள்" என்று நான் சீண்டுவேன்.

"உடைஞ்சா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்பார், ஊசியில் நூல் கோத்தபடி.

சட்டி வந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் மாதத்தில். எங்கள் அந்தோனியார் கோயில் திருநாள் பூசை முடிந்து, நேர்த்திப் பொருட்களை ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். நாட்டில் பெற்றோல் இல்லாததால் எல்லோரும் சைக்கிளில் வந்திருந்தோம். யாரோ ஒரு குடும்பம் பாத்திரம் ஒன்றில் வைக்கோல் பரப்பி இருபது முட்டைகளை நேர்த்தியாகக் கொடுத்திருந்தது. மைக் பிடித்திருந்த அருளப்பு அண்ணன் அந்தப் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். முட்டைக்குக் கீழே பச்சை இலைக் கொடி ஓடியது.

பீற்றிஸ் என் கையைப் பிடித்தார்.

முட்டை விலை ஏறிக்கிடந்த நேரம். ஆனாலும் மச்சாள் கேட்ட விலைக்குக் கோழிப் பண்ணையே வாங்கலாம் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எதிர்த்துக் கேட்டவர் ஒருவர்தான். காத்தான்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஆதம்பாவா. கோயிலின் பழைய மர இருக்கை வாங்குகளை விலை பேச வந்தவர், இதைக் கண்டு நின்றுவிட்டார். நாலாயிரத்து ஐந்நூறில் அவர் தலையாட்டி ஒதுங்கினார்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! பீற்றிஸ், வீட்டுக்கா, அந்தோனியாருக்கா?"

எங்கள் கோயிலில் இப்படிக் கேட்பது வழக்கம். விலையைக் கொடுத்துவிட்டு "அந்தோனியாருக்கே" என்றால் அந்தப் பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே தேங்காய் ஏழு தடவை விலைபோன வருடமும் உண்டு. திருப்பிக் கொடுத்தவர் அதே பொருளை மறுபடி கேட்கக்கூடாது. மச்சாள் தன் வாழ்நாளில் கோயில் ஏலத்தில் எடுத்த ஒரு பூசணிக்காயைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. அந்தக் கேள்விக்கு அவர் வாய்க்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"அந்தோனியாருக்கே!" என்றார் உரத்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னார் என்று அவருக்கு விளங்கியது.

"ஐயோ அருளப்பு அண்ணே, இல்ல இல்ல, வீட்டுக்கு!"

"மைக்கில சொன்ன சொல்லு பிள்ள. அந்தோனியாரோட நான் வழக்காட ஏலா" என்றார் அருளப்பு அண்ணன். கோயில் வளவே சிரித்தது. ஆதம்பாவா மூவாயிரத்துக்குச் சட்டியை எடுத்து, முட்டைகளை அங்கேயே பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் மச்சாள் சாப்பிடவில்லை. "வித்திருவார். யாவாரி தானே. கொழும்புக்குப் போயிரும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் மூடியைத் துவாயில் சுற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். கடையின் பின்பக்கம்தான் வீடு. காத்தான்குடியில் அண்ணனை நானா என்பார்கள்; மச்சாளும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"நானா, சட்டிய எனக்குத் தாங்க. நீங்க குடுத்த காசுக்கு மேல தாறன்."

"முட்டைக்குத்தான் கேக்கிறீங்க எண்டு நினைச்சன் அக்கா. சட்டிக்கா?" துவாய்க்குள் இருந்ததைக் கண்டதும் ஆதம்பாவாவின் குரல் மாறியது. "அல்லாஹ்வே. மூடி உங்களிட்டயா? அப்ப மூடிய எனக்குத் தாங்களன்."

"பத்தொம்பது வருசம் வச்சிருந்தது உங்களுக்குத் தரவா?"

"நீங்க வச்சிருந்தது மூடி. சட்டி என்ட. அந்தோனியாரே எனக்குத் தந்தவர்."

"அவருக்குக் கண் தெரியல்ல அண்டைக்கு."

இருவரும் குரலை உயர்த்தத் தொடங்கியதும் ஆதம்பாவாவின் மனைவி ஜெமீலா உள்ளேயிருந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சண்டைய மறுகா புடிங்க. முதல்ல மூடிப் பாப்பம்" என்றார்.

பீற்றிஸ் மூடியை வைத்தார். ஆடவில்லை, இடைவெளி இல்லை. இலைக் கொடி சட்டியிலிருந்து மூடிக்கு ஏறித் தொடர்ந்து ஓடியது. ஆதம்பாவா தாடியைத் தடவினார்.

"இத விக்க ஏலா" என்றார் ஜெமீலா, கணவரைப் பார்த்து. "பிரிக்கவும் ஏலா."

"அப்ப என்ன செய்யிற?"

"மாறி மாறி வச்சிருங்க. நோன்புத் தலைப்பிறையில இருந்து அக்காட கோயில் திருநாள் வரைக்கும் இஞ்ச. மத்த நாளெல்லாம் அங்க."

மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூன்று மாதம், தனக்கு ஒன்பது என்று மச்சாள் மனதுக்குள் கணக்குப் போட்டார். "எனக்குச் சம்மதம்" என்று உடனே சொல்லிவிட்டார். அன்று எங்களோடு சட்டியும் வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இடிக்காதபடி முழங்கையை விரித்தே வந்தார்.

அடுத்த வருடம் நோன்புக்குச் சட்டி காத்தான்குடிக்குப் போனது. ஒரு பின்னேரம் பார்க்கப் போனோம். ஜெமீலா அதற்குள் நோன்புக் கஞ்சி ஊற்றி வைத்திருந்தார். மச்சாளுக்குப் பதறியது.

"ஐயோ, இதுக்குள்ள ஊத்துறயா ஜெமீலா? பழைய சாமான்!"

"சூப் சட்டி தானே அக்கா. சும்மா வச்சா அதுக்கு வயிறு காயும்."

மச்சாள் ஒரு கோப்பை குடித்தார், பிறகு இன்னொன்று. நான் தாலி கட்டிக்கொண்டு வந்த முப்பது வருடத்தில் அவர் தன் அலுமாரிப் பொருள் ஒன்றைப் பாவிக்க விட்டது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு டிசம்பரில் நத்தாருக்குக் கோழி சூப் அதில்தான் வந்தது. அலுமாரிச் சாவியும் கதவிலேயே தொங்கத் தொடங்கியது. அளவு கொடுக்க வந்த பிள்ளைகள் தபால் வானை நிலத்தில் ஓட்டினார்கள்.

மூன்றாவது வருடம்தான் மச்சாளுக்கு விளங்கியது. கலண்டரோடு நேரே கடைக்குப் போய்விட்டார்.

"நானா, போன வருசம் மார்ச் பன்னிரண்டு. இந்த வருசம் மார்ச் ரெண்டு. என்ன இது?"

"பிறை அக்கா. ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முந்தித்தான் வரும்."

"அப்ப வருசா வருசம் என்ட பங்கு குறையுமா?"

"ஓம். இன்னம் கொஞ்சக் காலத்தில சரி பாதி" என்று சிரித்தார் ஆதம்பாவா. "சம்மதம் சொல்ல முந்தி நீங்க கேட்டிருக்கோணும்."

"கள்ள நானா" என்றார் மச்சாள். ஆனால் திரும்பி வரும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சரி பாதி வரும்போது தனக்கு எழுபது தாண்டியிருக்கும், அதையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார்.

அடக்கத்துக்கு ஆதம்பாவாவும் ஜெமீலாவும் வந்திருந்தார்கள். ஜெமீலா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆதம்பாவா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அலுமாரியில் சட்டியும் மூடியும் சேர்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ரீச்சர், அது இனி இஞ்சயே இரிக்கட்டும். நான் கேக்க மாட்டன்."

"மச்சாள் இருந்தா ஏசுவா நானா. தலைப்பிறைக்கு நான் கொண்டு வாறன். திருநாளுக்குத் திருப்பித் தாங்க."

அவர் அலுமாரிக் கண்ணாடியில் விரலை வைத்தார். பிறகு, "இந்த வருசமும் பதினொரு நாள் முந்தி" என்றார்.

"தெரியும். இந்தக் கணக்கு இனி எனக்கும் உங்களுக்கும்தான்" என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் போனது.

நாளை மறுநாள் பிறை பார்ப்பார்கள். போன வருடம் ஓட்டோவில் வந்தபோது சட்டியின் ஓரத்தில் ஒரு மயிர்க்கீறல் விழுந்திருந்தது. அதனால் இந்த முறை மச்சாள் மிஞ்சிய சீருடைத் துணியில் பஞ்சு வைத்து, கழுத்தில் நாடா போட்டு இறுக்கும் பை ஒன்று தைத்துக்கொண்டிருந்தார். பை மெசின் மேல் இருக்கிறது. தையல் எல்லாம் முடிந்துவிட்டது. ஊக்கில் குத்திய நாடா பையின் கழுத்து மடிப்புக்குள் பாதி வழிதான் போயிருக்கிறது.