ஐந்தாவது பொத்தான்

என் அக்கா தையல்காரி. கணக்கு என்றாலே அவளுக்கு எட்டிக்காய். போயும் போயும் ஒரு கணக்கு வாத்தியாருக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள்.

கல்யாணமான புதிதில் மாமா சும்மா இருக்காமல் நான்கு நிறத் தேற்றத்தைச் சொல்லிவைத்தார். வரைபடம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் சரி, ஒட்டியிருக்கும் இரண்டு நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட நான்கு நிறங்கள் போதுமாம். உலகமே ஒப்புக்கொண்டதாம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரு சட்டைக்கே எனக்கு அஞ்சு கலர் நூல் வேணும். நீங்க நாலுல உலகத்தையே முடிச்சிடுவீங்களா?" என்று சண்டைக்குப் போனாள்.

அன்றிலிருந்து அதுதான் அவர்கள் வீட்டு விளையாட்டு. வெட்டுமேசையில் கறுப்புத் துணியை விரித்து, தையல் சாக்பீஸால் நெளிந்து வளைந்த நாடுகளை வரைவாள். நாட்டுக்கு ஒரு பொத்தான் வைப்பாள். எப்படியாவது கடைசியில் ஐந்தாவது நிறமாக ஒரு வெள்ளைப் பொத்தானுக்கு இடம் வந்துவிடும். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார். சில பொத்தான்களை மாற்றிவைத்துவிட்டு, வெள்ளையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பார். அப்போது அவர் முகத்தில் இருக்கும் திமிரைப் பார்க்கவேண்டுமே! தோற்பதில் அக்காவுக்கும் ஒரு சுகம் இருந்தது.

பிறகு பக்கவாதம் வந்தது. மாமாவின் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டும் திரும்ப வரலாம், ஆனால் அவர் முயற்சி பண்ணவேண்டும் என்றார் மருத்துவர். மாமா பண்ணவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், சமையலறைக்குப் போய் அழுதாள். துணைக்கு வந்து தங்கியிருந்த நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு காலையில் இஸ்திரிப் பலகையைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, கறுப்புத் துணியை விரித்து வரைந்தாள். பொத்தான்களை அடுக்கி, வெள்ளையை நடுவில் வைத்தாள்.

"ஏங்க, இந்தத் தடவை உங்க தேற்றம் காலி. வேணும்னா பாருங்க."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஒரு பாவாடையின் விளிம்பு பாதி தைத்திருப்பாள், மாமா மெல்லத் திரும்பினார். வலது கை பலகைமேல் ஊர்ந்து வந்தது. ஒரு பொத்தானைத் தள்ளியது, அது உருண்டு விழுந்தது. நான் எடுத்து வைத்தேன். மறுபடியும் தள்ளினார். அக்காவின் கால் மெஷினை மிதிக்க மறந்துவிட்டது.

கடைசியில் வெள்ளையைப் பலகைக்கு வெளியே ஒதுக்கி, ஓரத்தில் மிச்சமாகக் கிடந்த ஒரு பச்சையை அதன் இடத்துக்குத் தள்ளிவிட்டார். ஆனால் இரண்டு பச்சைப் பொத்தான்கள் அடுத்தடுத்த நாடுகளில் இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓடிவந்து என் காலை மிதித்தாள்.

"தோத்துட்டேங்க," என்றாள் அவரிடம். "வழக்கம்போல நீங்கதான் ஜெயிச்சீங்க."

மாமா பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கோபத்தில் முகம் சிவந்தது.

"பொய்," என்றார். நாக்கு குழறியது. "பச்சை... பக்கத்துல... பச்சை."

அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாமா எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பச்சைப் பொத்தான் ஒன்றை வலது கையால் திரும்பவும் தள்ள ஆரம்பித்திருந்தார்.